செருப்போடு போன துரை

பாண்டியம்மாளும் பொன்னுச்சாமியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. பேச்சு முழுக்க நாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஏல துரை, உங்கப்பாட்ட சொல்லு. தண்ணி வந்துருச்சு, குடத்தத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"துரை, உங்கம்மாட்ட சொல்லு. அப்பா இப்பத்தான் வேல முடிஞ்சு வந்து கால நீட்டியிருக்காருன்னு."

"கால நீட்டுனா தண்ணி தானா வந்து குடத்துல ஏறிருமான்னு கேளு துரை."

துரை இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு வாலை ஆட்டும். வால் யார் பக்கம் அதிகம் ஆடுகிறதோ அவர் கட்சி ஜெயித்தது என்று அந்த வீட்டில் ஒரு தீர்மானம். பெரும்பாலும் டீயும் பிஸ்கட்டும் யார் கையில் இருக்கிறதோ அவர் கட்சிதான் ஜெயிக்கும். இது தெரிந்தே இருவரும் சட்டைப் பையிலும் முந்தானையிலும் பிஸ்கட் முடிந்து வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து திருப்பூர் மண்ணரைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆன குடும்பம். அவர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் பண்ணுகிறார். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங். ஒரே மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த ஒற்றை அறை வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. இருவரும் வருவார்கள், தின்பார்கள், படுப்பார்கள். என்னத்தைப் பேச? அவர் அயர்ன் பண்ணியதையும் இவள் பிசிறு வெட்டியதையும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

அப்போதுதான் கம்பெனியின் வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒரு செவலைக் குட்டி சுருண்டு கிடந்தது. பாண்டியம்மாள் முந்தானைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பால் வைத்தால் குடித்தது. பிஸ்கட் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டீயில் நனைத்துக் கொடுத்தால் தின்றது. "இவரு பெரிய துரை, நனைக்காமத் திங்க மாட்டாரு" என்றார் பொன்னுச்சாமி. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்காரம்மா கருப்பாத்தாள் முதலில் முகத்தைச் சுளித்தார். "நாயெல்லாம் நமக்கு ஆகாதுங்க கண்ணு, எட்டுக் குடித்தனம் இருக்குது" என்றார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவரே ராத்திரி மிஞ்சிய பால்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, "தொரெ எங்கீங்க, இன்னும் ஊட்டுக்கு வரலீங்களா" என்று வாசலில் நிற்கிறார். எட்டுக் குடித்தனமும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்ததே துரை வந்த பிறகுதான். எட்டு வாசலிலும் போய் ஒரு சுற்று தலையைக் காட்டிவிட்டு வராவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

நாய் வளர்க்காதவர்களுக்கு இதெல்லாம் சொன்னால் விளங்காது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, கால் வீங்கி வருகிறவளை, அவள் ஏதோ சீமையிலிருந்து திரும்பி வந்த மாதிரி ஒரு ஜீவன் துள்ளித் துள்ளி வரவேற்கிறது என்றால் அது சும்மாவா? அதுவும் தினமும். ஒருநாளாவது "இவதானே, நேத்தும் வந்தாளே" என்று அலட்சியம் காட்டியதில்லை.

இதில் ஒரு திருத்தம். துரை அவளை வீட்டில் வரவேற்பதில்லை, கம்பெனி வாசலில் வரவேற்கும். காலையில் கூடவே வரும். கம்பெனிக்குள் துணி அழுக்காகிவிடும் என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஐம்பது அறுபது ஜோடி குவிந்து கிடக்கும். பாண்டியம்மாள் தன் நீல வார் ரப்பர் செருப்பைக் கழற்றியதும் துரை அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துவிடும். இடது வார் அறுந்து, அவளே ரோஸ் நூலால் தைத்த செருப்பு. ஊரில் மற்ற நாய்கள் வீட்டைக் காக்கும், தோட்டத்தைக் காக்கும். துரை காத்தது அந்தச் செருப்பை. செருப்பு இருக்கும் இடத்துக்கு அம்மா வந்தே தீருவாள் என்பது அதற்குத் தெரிந்த ஒரே சட்டம்.

ஒருமுறை வாட்ச்மேன் சென்னியப்பன், தரை ஈரமாக இருக்கிறதென்று செருப்பையெல்லாம் குச்சியால் தள்ளி அந்தப் பக்கம் போட்டார். துரையும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு மறந்துவிட்டார்கள். மறந்தது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

மார்கழியில் பனி கொட்ட ஆரம்பித்தபோது துரைக்கு ஒரு பனியன் கிடைத்தது. அது வந்த வழியைச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். குழந்தைகளின் நீலப் பனியனில் நெஞ்சில் அடிக்கவேண்டிய சிரிக்கும் சூரியனை அவன் பட்டறையில் மொத்த லாட்டுக்கும் முதுகில் அடித்துவிட்டார்கள். சரக்கு ரிஜெக்ட் ஆனது. கம்பெனியில் ஆளுக்குப் பத்து, இருபது என்று அள்ளிக் கொடுத்தார்கள். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு முதுகில் சூரியன் போடுவாள்? ஆனால் நாய்க்கு நெஞ்சு தரையைப் பார்க்கிறது, முதுகு வானத்தைப் பார்க்கிறது. நாய்க்கு என்றே அடித்த மாதிரி பொருந்தியது. துரை அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த நடையைப் பார்க்கவேண்டும். பாண்டியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை ஷிப்மென்ட் அவசரம். ஆள் பற்றாமல் நல்லூரில் இருக்கும் இன்னொரு யூனிட்டிலிருந்து பதினைந்து பெண்களை வேனில் கூட்டிவந்தார்கள். ஐந்தரைக்கு அவர்கள் ஷிப்ட் முடிந்து போய்விட்டார்கள். பாண்டியம்மாளுக்கு ஒன்றரை ஷிப்ட், எட்டரை வரை. முடித்து வெளியே வந்தால் துரை இல்லை.

கூப்பிட்டாள். வரவில்லை. பகல் வாட்ச்மேன் சென்னியப்பன் ஆறு மணிக்கே போய்விட்டார். ராத்திரி வாட்ச்மேன் நாயையே பார்க்கவில்லை என்றார். வாசலில் மிஞ்சிக் கிடந்தது ஒரே ஒரு நீல வார் செருப்பு ஜோடி. காலை நுழைத்துக்கொண்டு, ஒருவேளை பசித்து வீட்டுக்குப் போயிருக்கும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

பொன்னுச்சாமி வாசலில் நின்றிருந்தார். அவள் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"துரை எங்க?"

மூன்று வருஷத்தில் முதல் தடவை அவளிடமே நேராகக் கேட்ட கேள்வி. அதைக் கேட்டதும்தான் பாண்டியம்மாளுக்கு விளங்கியது. துரை வீட்டுக்கு வரவில்லை.

தமிழ்செல்வன் போனிலேயே ஒரு நோட்டீஸ் தயார் பண்ணினான். 'காணவில்லை. செவலை நாய், பெயர் துரை, முதுகில் சிரிக்கும் சூரியன் போட்ட நீலப் பனியன் அணிந்திருக்கும்' என்று எழுதி, கீழே பாண்டியம்மாள் நம்பரைப் போட்டு, தெரிந்த வாட்ஸ்அப் குரூப்பிலெல்லாம் தட்டிவிட்டான். நல்ல பையன். ஆனால் பட்டறையில் சூரியனைத் தப்பான இடத்தில் அடித்த மாதிரி, இங்கே அடையாளத்தைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டான். அந்தப் பனியன் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் போன். "ஏனுங்க, நாய் காணமுன்னு போட்டிருந்தீங்களே, அது எங்க ஊட்டு முன்னாலதானுங்க படுத்திருக்குது. சூரியன் இருக்குதுங்க."

பொன்னுச்சாமி மொபெட்டில் பறந்தார். சூரியன் இருந்தது. நாய் கறுப்பு.

அடுத்த போன், அடுத்த நாய். அது பொட்டை. அதற்கடுத்தது பல்லடத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது.

"செவலைன்னுதானே அண்ணாச்சி போட்டிருந்தோம்" என்றாள் பாண்டியம்மாள்.

"அதைப் பார்த்தனுங்க. ஆனா பனியன் சரியா இருந்துச்சுங்களே" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாக.

அவர் பேசி முடிப்பதற்குள் இன்னொரு ஆட்டோ. அதில் வந்த நாய்க்குப் பின்னாலேயே ஒரு பைக் விரட்டிக்கொண்டு வந்தது. பைக்கில் வந்தவர் நாயின் சொந்தக்காரர். பட்டப்பகலில் வாசலில் படுத்திருந்த நாயை எப்படித் தூக்கலாம் என்று அவர் குதிக்க, பனியனைக் காட்டி ஆட்டோக்காரர் குதிக்க, நாய் இரண்டு பேரையும் பார்த்து வாலாட்டியது. மத்தியானத்துக்குள் ஒன்பது நாய்கள் வந்து போய்விட்டன. ஒன்பதும் முதுகில் சிரித்தன.

கருப்பாத்தாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "ஏங்கண்ணு, திருப்பூர்ல உக்காந்துட்டு யாராச்சும் பனியனை அடையாளம் சொல்லுவாங்களா?" என்றார். தமிழ்செல்வன் தலையைச் சொறிந்தான். பாண்டியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனவள், அங்கே முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

சாயங்காலம் அவளும் தேடக் கிளம்பினாள். மண்ணரையில் ஒரு சந்து விடவில்லை. "துரை, துரை" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. செருப்பு வேறு கடித்தது. பெருவிரல் பக்கம் கொப்புளம் போட்டுவிட்டது. நடந்த நடை அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் இரண்டு தட்டும் ஒரு குழம்புச் சட்டியும்.

"சாப்பிடு" என்றார் பொன்னுச்சாமி.

"நீங்க சாப்பிடுங்க."

அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, பழக்க தோஷத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு என்னிடம் சொல்ல எவ்வளவு இருந்திருக்கிறது, அத்தனையையும் அந்த வாயில்லாத ஜீவன்தானே சுமந்துகொண்டு வந்து கொடுத்திருக்கிறது என்று பாண்டியம்மாளுக்குத் தோன்றியது. துரை திரும்பி வராவிட்டால் மறுபடியும் டி.வி.தான் பேசும். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே குனிந்து நின்றாள். இடது வாரில் ரோஸ் நூல் இல்லை. தையலே இல்லை. முழு வாராக, புதுசாக இருந்தது. அவள் கால் அளவைவிட ஒரு சுற்று சிறிசு.

"சென்னியப்பண்ணே, இது என் செருப்பு இல்ல."

"மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார் சென்னியப்பன், பெஞ்சில் உட்கார்ந்தபடி. "எல்லாம் அந்தச் சந்தைக்கடைச் செருப்புத்தானுங்க, பாதிப் பேரு அதைத்தான் போட்டிருக்கறாங்க."

"அப்ப என் செருப்ப யாரு போட்டுட்டுப் போனா?"

கேட்ட வாய் மூடவில்லை. சென்னியப்பன் குச்சியால் செருப்பைத் தள்ளியதும், துரை எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்ததும் அவள் கண்முன் வந்து நின்றன. துரை எங்கேயும் ஓடவில்லை. செருப்பு எங்கே போனதோ அங்கே போயிருக்கிறது. இரண்டு நாளாக ஊரே பனியனைத் தேடிக்கொண்டிருக்கிறது, தேடவேண்டியது செருப்பை.

"சனிக்கிழமை எனக்கு முன்னால வேல முடிஞ்சு போனது யாரு?"

"நம்ம ஆளுக யாரும் போகலீங்க. நல்லூர்ப் புள்ளைங்கதான் அஞ்சரைக்கு வேன்ல போனாங்க. நான் அப்ப டீக்கடையில இருந்தனுங்க."

பாண்டியம்மாள் வேலைக்கு உள்ளே போகவில்லை. போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டு, "வண்டிய எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அயர்ன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு, மேலாளரிடம் தலையைச் சொறிந்து பர்மிஷன்கூடக் கேட்காமல் வந்துவிட்டார்.

போகிற வழியெல்லாம் அவள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன பெண்ணுக்கு என்னென்ன திட்டு வைத்திருந்தாள் என்பதை எழுதினால் அச்சிடமாட்டார்கள். கண்ணு தெரியாதா, தன் செருப்பு தனக்குத் தெரியாதா, ஒரு நாய் பின்னால் வந்தால் யாருடையது என்று கேட்கத் தோன்றாதா என்பதெல்லாம் அதில் சாதுவான பகுதி.

நல்லூர் யூனிட் ஒரு குறுகலான தெருவின் கடைசியில் இருந்தது. வாசலில் ஒரு செருப்புக் குவியல். அதன் ஓரத்தில், ரோஸ் நூல் தையல் போட்ட நீல வாரின்மேல் தாடையை வைத்து, துரை.

மேலே பனியன் இல்லை. அதை யாரோ துவைத்துப் பக்கத்துக் கம்பியில் காயப் போட்டிருந்தார்கள். சூரியன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"துரை" என்றாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

அதற்கு அது போதும். ஒரே பாய்ச்சலாக எழுந்து ஓடிவந்தது. பாதி தூரம் வந்ததும் சட்டென்று நின்றது. திரும்பிச் செருப்பைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. முனகிக்கொண்டே திரும்பிப் போய்ச் செருப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உடம்பு அங்கே உட்கார்ந்திருந்ததே ஒழிய, வால் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு எப்படி வருவது என்று அது கேட்டதை அவள் காதால் கேட்டாள் என்றே சத்தியம் பண்ணுவாள்.

பாண்டியம்மாள் மொபெட்டிலிருந்து இறங்கி ஓடினாள். காலில் இருந்ததை உதறிவிட்டு, தன் செருப்புக்குள் காலை நுழைத்தாள். கொப்புளத்துக்கு இதமாக இருந்தது.

அவ்வளவுதான். துரை அவள்மேல் பாய்ந்தது. தோளில் காலை வைத்து முகம், காது, கொண்டை என்று ஒரு இடம் பாக்கி விடாமல் நக்கியது. விழுந்து புரண்டது. எழுந்து பொன்னுச்சாமியைச் சுற்றி ஓடியது, செருப்புக் குவியலைக் கலைத்தது, மறுபடியும் அவளிடம் வந்தது. பொன்னுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி, புழுதி என்றார்.

அந்த நேரம் டீ மணி அடித்தது. உள்ளேயிருந்து இருபது வயசு இருக்கும் ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். ஒரு கையில் டீ கப். இன்னொரு கையில் ஒரு பிஸ்கட், முழுக்க டீயில் நனைந்து, ஒடிந்து விழுந்துவிடாமல் உள்ளங்கையில் ஏந்தியபடி.

வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பாண்டியம்மாள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அந்த நனைந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று நினைத்தாள். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த திட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"உன் பேரென்னம்மா?"

"பசந்தி. ஒடிசா" என்றாள் அவள். பிறகு தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சொன்னாள். "அக்கா, நான் கூப்பிடல. அவன் தானா வேன்ல ஏறுனான். என் கால்கிட்ட படுத்தான். ரூமுக்கு வந்தான். எங்க போனாலும் கூட வந்தான். எனக்கு இங்க யாரும் இல்ல. அவனுக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் பாண்டியம்மாளின் காலுக்குப் போனது. ரோஸ் தையலைப் பார்த்தாள். ஓரமாக உதறிக் கிடந்த தன் செருப்பைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப் போயிற்று.

"செருப்புக்கா வந்தான்?" என்றாள் மெதுவாக.

ஆமாம் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லப் பாண்டியம்மாளுக்கு மனசு இல்லை. இரண்டு நாள் தனக்கு வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இனி ரூம் அப்படித்தான் இருக்கும். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினாள்.

"ஏல துரை, இந்தத் தங்கச்சிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழம மண்ணரைக்கு வரணும்னு. அம்மா கோழிக்கறி வைக்கேன்னு சொல்லு. வாராவாரம் வரணும்னு சொல்லு."

பசந்திக்கு எவ்வளவு புரிந்ததோ. பாண்டியம்மாளுக்குப் பதில் சொல்லாமல், துரையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் காதைப் பிடித்துக்கொண்டு ஒடியாவில் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள், ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். துரை பிஸ்கட்டைத் தின்றபடி முழுவதையும் கவனமாகக் கேட்டது. பிறகு பாண்டியம்மாளையும் பசந்தியையும் மாறி மாறிப் பார்த்தது. வாலை ஆட்டியது.

பிஸ்கட் தீர்ந்துவிட்டது. பசந்தியின் கை காலி. அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். வால் அவள் பக்கம்தான் ஆடிக்கொண்டிருந்தது. துரை குனிந்து அந்த வெறும் பாதத்தை ஒருமுறை நக்கியது.

"கட்சி மாறிட்டான், பாத்தியா" என்றார் பொன்னுச்சாமி.

துரையிடம் இல்லை. பாண்டியம்மாளிடம்.